பச்சையாக இருக்கும்போதே பிளக்க வேண்டும்

பாலக்கோட்டுப் பக்கத்து ஊர்களில் எரிவாயு உருளை இல்லாத வீட்டை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புறக்கடையில் விறகடுப்பு இல்லாத வீட்டையும் அப்படித்தான் தேட வேண்டும். கேழ்வரகுக் களி கிளறவும், அண்டாவில் வெந்நீர் காய வைக்கவும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், மாரியம்மன் பண்டிகைக்கு வந்து சேரும் உறவுக்கூட்டத்துக்குக் கறிக்குழம்பு வைக்கவும் விறகுதான் வேண்டியிருக்கிறது. மேலே தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலங்களில் மார்கழிக் குளிருக்கு விடியற்காலையில் அடுப்பைச் சுற்றி உட்காருகிற வழக்கமும் இன்னும் போகவில்லை.

அந்த விறகைப் பிளக்கிற முறையில் எங்கள் பக்கத்தில் பரவலாக இருக்கும் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகவே தோன்றிவருகிறது. மரத்தைச் சாய்த்துக் கட்டைகளாக அறுத்த பிறகு, காயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் வேலியோரம் உருட்டிவிடுவது ஒன்று. மரம் வெட்டுகிற அதே மெல்லிய கோடாலியைக் கொண்டே கட்டையையும் பிளக்க முயல்வது மற்றொன்று. இரண்டும் சேர்ந்துவிட்டால், காய்ந்து இறுகிய கட்டையில் கோடாலி போய்ச் சிக்கிக்கொள்வதும், அதைப் பிடுங்கி எடுப்பதற்கே பாதி நேரம் போவதுமாகி, விறகு பிளப்பது என்றாலே கட்டுமஸ்தான ஆளுக்குத்தான் முடியும் என்ற எண்ணம் வீட்டில் நிலைத்துவிடுகிறது. மரம் சாய்ந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குள், பிளப்பதற்கென்றே செய்த கனத்த கோடாலியால் பிளந்தால், நடுத்தர உடம்புள்ள எவரும் ஒரு காலைப்பொழுதில் வீட்டுக்குத் தேவையானதைப் பிளந்து முடித்துவிடலாம்.

பிளப்பது எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்பு வாயில் நுழையும் அளவுக்குச் சிறிதாக்குவதற்காக மட்டும் நாம் பிளப்பதில்லை. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கக்கூடும். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அதில் ஐந்து கிலோ தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறோம் என்று பொருள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதற்கு முன் அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் வெப்பம் வேண்டும். ஆக ஐந்து கிலோ தண்ணீருக்குச் சுமார் 3,000 கிலோகலோரி போய்விடுகிறது. நன்றாகக் காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறக்குறைய 4,500 கிலோகலோரி தரும் என்பதால், மீதி ஐந்து கிலோ மரம் தரும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு இப்படியே நீராவியாகப் பறந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரிவது: ஈரத்தால் தீயின் சூடு தணிந்து, எரிந்திருக்க வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறிக் கூரையிலும் பாத்திரத்தின் அடியிலும் பிசினாகப் படிகின்றன, அடுப்பு ஊதுகிறவரின் நெஞ்சுக்குள்ளும் போகின்றன. களி கிளறுவதற்கு ஒரே சீரான தீ வேண்டும் என்பதால் பச்சை விறகைப் பெரியம்மா அடுப்பருகே கூட வைக்க விடமாட்டார்.

முழுக்கட்டை எளிதில் காயாது. மரத்துக்குள் நீர் நாரின் நீளவாக்கில் எளிதாக நகரும். குறுக்குவாக்கில் மிக மெதுவாகத்தான் நகரும். மேலே இருக்கும் பட்டையோ நீர் வெளியேறாமல் காப்பதற்கென்றே அமைந்தது. இருபது சென்டிமீட்டர் விட்டமும் 45 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொண்டால், பட்டையில்லாமல் காற்றுப் படும் இடம் அதன் இரண்டு முகங்கள் மட்டுமே. அவை சேர்ந்து சுமார் 630 சதுர சென்டிமீட்டர். அதையே நான்காகப் பிளந்துவிட்டால் 3,600 சதுர சென்டிமீட்டர் புதிய பரப்பு திறந்துகொள்கிறது. காற்றுப் படும் இடம் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. வேலியோரம் உருட்டிவிட்ட முழுக்கட்டை ஒரு கோடை முழுவதும் கிடந்தும் உள்ளே ஈரமாகவே இருப்பதற்கும், பிளந்து அடுக்கியது அதே கோடையில் சரசரவென்று காய்ந்துவிடுவதற்கும் இதுதான் காரணம்.

பச்சையில் பிளப்பது எளிதாக இருப்பதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. நீர்ச்சத்து ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்த அளவிலிருந்துதான் அதன் வலுவும் ஏறத் தொடங்குகிறது. உழவுக்கருவி செய்ய மரத்தைக் காயவைத்து எடுப்பது இந்த வலுவுக்காகவே. அந்த வலு கலப்பைக்கு நல்லது, அடுப்பு விறகுக்குத் தேவையில்லாதது. காய்ந்த கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்புகள் ஓடியிருப்பதைக் காட்டி, வெடித்தால்தான் பிளக்க வசதி என்று சிலர் வாதிடுவார்கள். வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் மரம், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஆரத்திசையைப் போல ஏறக்குறைய இருமடங்கு சுருங்குவதால் அந்த வெடிப்பு வருகிறது. நார் நேராக ஓடும் மரத்தில் அந்த வெடிப்பு நமக்கு உண்மையிலேயே உதவும். எங்கள் பக்கத்தில் அடுப்புக்கு வருகிற மரங்களில் பெரும்பாலானவற்றின் நார் அப்படி நேராக ஓடுவதில்லை.

இனிக் கோடாலி. வெட்டுக் கோடாலி நாரைக் குறுக்கே அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே அதன் வாய் கூராகவும் கன்னங்கள் மெல்லியதாகவும் இருக்கும். பிளக்கும் கோடாலி நாரை அறுப்பதே இல்லை. நாருக்கும் நாருக்கும் நடுவே நுழைந்து இரண்டு பக்கமும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைச் செய்வது வாய் அல்ல, வாய்க்குப் பின்னால் புடைத்து அகலும் கன்னங்கள். கன்னம் ஒட்டியிருந்தால் கோடாலி ஆழமாக இறங்கும், ஆனால் கட்டை திறக்காது. இறங்கிய இடத்திலேயே இறுகிக்கொள்ளும். வாய் சவரக்கத்தி போல இருக்கவும் வேண்டியதில்லை. நாருக்குள் முதல் அரை அங்குலம் வழுக்காமல் நுழையும் அளவுக்குக் கூர் இருந்தால் போதும். அதைவிடக் கூராகத் தீட்டினால் கணுவில் பட்டு வாய் உடையும்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் பார்த்தவரை விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் வெட்டுக் கோடாலிகளே. ஆகவே எனக்கு வேண்டியதைக் கொல்லுப் பட்டறையில் அளவு சொல்லிச் செய்துகொண்டேன். உடலுக்குக் கனத்த இரும்பும், வாய்க்கு லாரி ஸ்பிரிங் பட்டையின் எஃகும் வைத்து ஒட்டி அடித்து, வாய்க்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கித் தந்தார் கொல்லர். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று பகுப்பாய்வில் தெரிய வந்ததைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இரும்பைப் புழங்கிவரும் மண் இது. இரும்பை உருக்கிய அந்த வெப்பமும் மரக்கரியிலிருந்து வந்ததுதான் என்பதை, உலைக்கு முன் நின்று என் கோடாலி சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தலையின் எடை இரண்டு முதல் இரண்டரைக் கிலோ இருப்பது என் அனுபவத்தில் சரியாக வருகிறது. நான்கு கிலோ இருந்தால் இன்னும் நன்றாகப் பிளக்கும் என்பது தவறான கணக்கு. எடை இரு மடங்கானால் அடியின் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். மெதுவாகத் தூக்கி மெதுவாக விழும் கனத்த தலையைவிட, கை தாங்கும் எடையில் வேகமாக இறங்கும் தலையே வேலை செய்கிறது. களைப்பும் குறைவு. களைத்த கைதான் குறி தவறும் என்பதால் இது பாதுகாப்புக்கும் பொருந்தும்.

காம்புக்குக் கருவேலம் நல்லது. முக்கால் மீட்டருக்குக் குறையாத நீளம் வேண்டும், நார் காம்பின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும், நடுவில் கணு இருக்கக் கூடாது. தலை ஆட்டம் கண்டால் கோடாலியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடும் பழக்கம் எங்கும் உண்டு. ஊறிய மரம் அன்றைக்கு உப்பிப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாகத் தளரும். காம்பின் தலைப்பில் மரச்சக்கையோ இரும்பு ஆப்போ அறைந்து இறுக்குவதே முறை. ஆடும் தலையோடு ஒரு வீச்சுகூட வீசக் கூடாது. இரண்டு கிலோ இரும்பு கழன்று எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மரங்களைப் பற்றிச் சொல்லும்போது புளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் புளி விளையும் மாவட்டங்கள். சாலைகளை அகலப்படுத்தும்போதும், பழைய மரம் காற்றில் சாயும்போதும் புளியங்கட்டை ஊருக்குள் வந்துவிடும். எரிவதில் அதற்கு நிகராக எதையும் நான் கண்டதில்லை. செங்கல் சூளைக்காரர்கள் அதை விரும்பி வாங்குவதும், அதன் கரி முற்காலத்தில் வெடிமருந்துக்குப் பயன்பட்டதும் அந்த வெப்பத்தின் பெருமையைச் சொல்லும். ஆனால் பிளப்பவரின் பொறுமையை அதைப்போலச் சோதிக்கும் மரமும் கிடையாது. அறுத்த முகத்தைப் பார்த்தால் வெளிப்பக்கம் வெளிர் மஞ்சளாகவும், நடுவில் கருஞ்சிவப்பு வைரமாகவும் இருக்கும். அந்த முகத்தில் நார் எப்படி ஓடுகிறது என்பது தெரியவே தெரியாது. முதல் அடியில் கோடாலி ஓர் அங்குலம் இறங்கி ‘தொப்’பென்று நிற்கும். நான்கைந்து அடிக்குப் பிறகு ஒரு கோடு விழும். கோடு விரிந்து உள்ளே எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திறந்த பிறகும் கட்டை இரண்டாகாது. பிளவுக்குக் குறுக்கே, ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு விரல் தடிமனில் நார்க்கற்றைகள் பாலம் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வளர்ச்சியில் இடப்பக்கம் சாய்ந்தும் அடுத்த வளர்ச்சியில் வலப்பக்கம் சாய்ந்தும் வளர்ந்த நார்கள் அவை. அவற்றைப் பிளக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய வெட்டுக் கோடாலி கைகொடுக்கும். இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டையாகப் புளியைப் போடுவதற்கும் இதுவே காரணம். எத்தனை ஆயிரம் வெட்டு விழுந்தாலும் அது பிளந்துபோகாது.

புளியைக் காயவிட்டால் பிறகு அதைக் கையால் பிளக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். பச்சையில் எடுத்தால், அதுவும் முழங்கை நீளத்துக்கு மேல் போகாதபடி துண்டு போட்டு எடுத்தால், கிளைகளும் நடுத்தரக் கட்டைகளும் பிளந்துவிடுகின்றன. நீளம் குறையக் குறைய, பின்னிக்கொள்ள நாருக்கு இடமும் குறைகிறது.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் தைலமரத்தில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். சாய்த்த வாரத்தில் ஒரே அடியில் இரண்டாக விழும் கட்டை, சில மாதம் கிடந்த பிறகு கோடாலியைத் திருப்பி அனுப்பும். துரிஞ்சி (அரப்புத்தூள் எடுக்கும் அதே மரம்) வைரம் பாய்ந்தது, மெதுவாக எரிந்து நல்ல தணல் தரும், பச்சையில் பிளக்க மனம் கோணாது. கருவேலமும் அப்படியே. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பட்டுப்போன பழைய மரங்களைக் கழிக்கும்போது மலிவாகக் கிடைக்கும் மா, பிளக்க மெத்தென்றிருக்கும். ஆனால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், காயவிடாமல் போட்டால் பூச்சி துளைத்து மாவாக உதிரும். சீமைக்கருவேலத்தில் மணிக்கட்டைவிடப் பருத்ததை மட்டும் பிளந்தால் போதும். முள்ளைக் கழித்துவிட்டுத் தொட வேண்டும். சவுக்குக்குப் பெரும்பாலும் கோடாலியே வேண்டியதில்லை.

இனிப் பிளக்கும் முறை. அடியில் ஒரு கனத்த கட்டையை மண்ணில் ஆடாமல் அமர்த்திக்கொள்ள வேண்டும். அதன் உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றால் நல்லது. நேரடியாகத் தரையில் வைத்துப் பிளந்தால், அடியின் வேகத்தில் ஒரு பகுதியை மண் வாங்கிக்கொள்ளும். கோடாலி வாயும் கல்லில் படும். நம் மாவட்டத்து மண்ணில் கல் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? பிளக்க வேண்டிய கட்டையை அடிக்கட்டையின் மேல் நமக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். குறி தவறி முன்பக்கமாக விழுந்தாலும் கோடாலி அடிக்கட்டையில் இறங்குமே தவிர நம் முழங்காலை நோக்கி வராது.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிற்க வேண்டும், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைக்கக் கூடாது. இடக்கை காம்பின் நுனியில் நிலையாக இருக்கட்டும். வலக்கை தலைக்கு அருகே பிடித்துத் தூக்கி, இறங்கும்போது காம்பு வழியே வழுக்கி இடக்கையோடு வந்து சேரட்டும். கோடாலி உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் முழங்காலை மடக்கி உடம்பையும் கீழே இறக்க வேண்டும். இடுப்பை மட்டும் வளைத்தால் கோடாலி வில்போல் வளைந்து காலை நோக்கி வரும். முழங்கால் மடங்கினால் நேர்கீழாக இறங்கும். முதுகுக்கும் அதுவே நல்லது. பார்வை கோடாலியின் மேல் இருக்கக் கூடாது, வாய் போய் விழ வேண்டிய கோட்டின் மேல் இருக்க வேண்டும். கட்டையின் மேல்முகத்தில் நிறுத்துவதாக எண்ணாமல், அதைக் கடந்து அடிக்கட்டையைத் தொடுவதாக எண்ணி அடித்தால் வீச்சு பாதியில் தளராது.

எங்கே அடிப்பது என்பதுதான் கைப்பழக்கத்தில் வருவது. எங்கள் பக்கம் மரம் அறுக்க வரும் பெரியவர் ஒருவர், நான் பருத்த வேப்பங்கட்டை ஒன்றின் நடுவில் குறி பார்ப்பதைக் கண்டு, “நடுவுல போடாதே தம்பி. ஓரத்தை எடு. சுத்தி சுத்தி எடுத்தா நடு தானா சின்னதாயிடும்” என்றார். “ஏங்க, வெடிப்பு நடுவுலதானே இருக்குது?” என்று கேட்டதற்கு, “வெடிப்பு அங்கதான் இருக்குது, பலமும் அங்கதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் சொன்னது பெரிய கட்டைகளுக்கு அப்படியே பொருந்துகிறது. விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே, வளையத்தை ஒட்டினாற்போல அடித்தால், பட்டையோடு ஒரு பலகை கழன்று விழும். கட்டையைச் சற்றுத் திருப்பி அடுத்ததை எடுக்கலாம். சிறிய கட்டையை நடுவோடு பிளக்கலாம். வெடிப்பு இருந்தால் அதன் போக்கிலேயே அடிக்க வேண்டும். கணு இருந்தால் அது அடிப்பக்கம் இருக்கும்படி கவிழ்த்து, கணுவுக்குத் தொலைவான முகத்தில் தொடங்குவது வழக்கம். கணுவின் குறுக்கே அடிப்பது வீண்.

பிளந்த துண்டுகள் நாலாபக்கமும் தெறிப்பதைத் தடுக்கப் பழைய கார் டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் வைத்து, அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளக்கலாம். ஒவ்வோர் அடிக்கும் குனிந்து பொறுக்கி மறுபடி நிறுத்தும் வேலை மிச்சமாகும். வேலையில் பெரும்பகுதி அந்தக் குனிதல்தான். காலில் செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பிள்ளைகளும் கோழிகளும் சுற்றி வரும் முற்றத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கோடாலிக்கு மசியாத கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும் இருக்கின்றன. குறைந்தது இரண்டு ஆப்பாவது வேண்டும். முதல் ஆப்பை வெடிப்பில் வைத்து, தானாக நிற்கும்வரை மெதுவாகத் தட்டி, பிறகு ஓங்கி அடிக்க வேண்டும். அது முழுக்க இறங்கியும் கட்டை திறக்கவில்லையானால், பிளவு ஓடிய வழியில் சற்றுத் தள்ளி இரண்டாவதை இறக்கினால் முதலாவது தளர்ந்து கைக்கு வந்துவிடும். கருவேலத்தில் செதுக்கிய மர ஆப்பும் இதற்குப் போதும், சம்மட்டிக்குப் பதில் மரச்சுத்தி எடுத்துக்கொண்டால். சிக்கிய கோடாலியின் மண்டையில் சம்மட்டியால் அடிப்பதை நான் ஊரெங்கும் பார்க்கிறேன். அதை நிறுத்துங்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். காம்பு நுழையும் துளை அந்த அடியில் நெளிந்து, அதன்பின் எந்தக் காம்பும் அதில் நிலைக்காது. இரும்பு ஆப்பின் தலை அடிபட்டுக் குடைபோல் விரிந்தால், அந்த விளிம்பை அரத்தால் அராவி எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குடித்துவிடும்.

பிளந்ததை அடுக்குவதில் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எங்கள் ஊரில் கற்பலகைக்குப் பஞ்சமில்லை. இரண்டு வரிசை கல்லைப் போட்டு அதன்மேல் அடுக்கினால் கரையான் ஏறாது, அடியிலும் காற்றுப் போகும். மேல்வரிசையில் பட்டை மேலே பார்க்கும்படி வைத்து, உச்சியை மட்டும் தகரத்தால் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். இரவில் அடுக்கிலிருந்து வெறுங்கையால் விறகு உருவக் கூடாது, தேள் இருக்கும். காய்ந்ததா என்பதை அறிய இரண்டு பிளாச்சுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் போதும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமுள்ளது மழுங்கிய ஓசை தரும்.

காலத்தைப் பொறுத்தவரை தையும் மாசியும்தான் இதற்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது, பிளந்து அடுக்கியதற்குப் பங்குனி, சித்திரை, வைகாசி என்று முழுக்கோடையும் காய்வதற்குக் கிடைக்கும். தைலமும் மாவும் துரிஞ்சியும் ஆனி மழைக்கு முன்பே அடுப்புக்கு ஆயத்தமாகிவிடுகின்றன. புளியை மட்டும் இன்னொரு கோடைக்கும் விட்டுவைக்கிறோம். அதில் எந்த ஆப்புக்கும் இணங்காமல் மீந்துபோகும் கவட்டைகளையும் கணுமுண்டுகளையும் தனியே ஒதுக்கி வைத்திருந்து, பண்டிகைக்குக் கோட்டை அடுப்பு மூட்டும்போது, மற்ற விறகு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு முழுதாகவே உள்ளே தள்ளிவிடுகிறோம். மறுநாள் காலை வெந்நீர் வைக்கும் வரை அவற்றில் தணல் இருக்கிறது.